இடப்பக்க மேல்மூலை

4 ஜூன் 2024, செவ்வாய், வைகாசி 22. காலை 8.30 மணி: மேகம் எட்டில் மூன்று.

பீளமேட்டு வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பார்வையாளனாக இருந்தவன் நான். காலை எட்டரை மணிக்கு வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அவற்றுள் எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது என்று எழுதுவது என் அலுவல். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் மொட்டை மாடியில் அந்த அலுவல் தொடர்கிறது. அங்கே நான் கற்ற விதி ஒன்றுதான்: கண்ணால் கண்டதை எழுது, பிறர் சொன்னதை எழுதாதே. இக்குறிப்பேட்டுக்கும் அதுவே விதி.

புதிய குறிப்பேட்டுக்குக் காரணம் உண்டு. நகருக்கு வெளியே உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், எழுபது வயதைக் கடந்த ஒருவர், இருபது செவ்வாய்க்கிழமைகள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்துப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்திருந்தது. அசையாமல் இருப்பதும் பார்ப்பதும் எனக்குக் கைவந்தவை. விண்ணப்பித்தேன், தேர்வானேன்.

ஆராய்ச்சியை நடத்துபவள் ரெஜினா என்னும் நாகர்கோவில் பெண். முனைவர் பட்டத்துக்காக இரண்டாண்டுகளாக உழைக்கிறாள். ஒரு படத்தைப் பார்க்கும்போது மூளையின் பின்பகுதியில் இரத்த ஓட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறதாம். எந்தப் படத்துக்கு எந்த மாற்றம் என்பதை ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு கணினிக்குப் பழக்கிவிட்டால், பிறகு படத்தைக் காட்டாமலே, என் மூளையின் மாற்றத்தை மட்டும் கொடுத்து, நான் பார்த்தது என்ன என்று அதையே வரையச் சொல்லலாமாம்.

கண்பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன். இருபத்து மூன்று வினாக்கள் கொண்ட படிவம் ஒன்றையும் நிரப்பினேன். பதினோராவது வினா: கண்நோய் எதற்கேனும் சிகிச்சை பெறுகிறீர்களா? 'இல்லை' என்று எழுதினேன். பெறவில்லை, ஆகவே அது உண்மை.

முதல் அமர்வு ஒன்றரை மணி நேரம். திரையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணை அதிலிருந்து எடுக்கக்கூடாது. படங்கள் மூன்று வினாடிக்கு ஒன்றாக வந்து போகும். முன்பு பார்த்த படம் மீண்டும் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.

"சார், உங்க தலை அரை மில்லிமீட்டர்கூட அசையல. நான் இதுவரைக்கும் இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல," என்றாள் ரெஜினா.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவி சுலோச்சனாவிடம் தெரிவித்தேன்.

"வீட்டுல எதுக்கும் அசையாத தலைதானுங்களே," என்றாள். "ஏனுங்க, உங்க தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறதுக்கு அத்தன பெரிய மெசினுங்களா? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மாலையில், நினைவில் தங்கிய படங்களை வரிசையாக எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் பார்த்ததை எழுதாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது. படம் ஒவ்வொன்றிலும் வானம் இருந்தால் அதன் மேக அளவையும் குறித்தேன்.

11 ஜூன் 2024, செவ்வாய், வைகாசி 29. மேகம் எட்டில் இரண்டு.

இரண்டாம் அமர்வு. நினைவில் தங்கியவை ஐம்பத்தெட்டு. எடுத்துக்காட்டு: நடுவில் பசு, வலப்பக்கம் வேலி, மேலே வானம் வெறுமை. அடுத்து: படகு, வலக்கரையில் தென்னை, இடப்பக்க வானம் வெறுமை. படம் எடுத்தவர்கள் நல்ல வெயில் நாட்களாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

கூடத்தில் தேதி கிழிக்கச் சென்றால் நாள்காட்டியைக் காணவில்லை. சுலோச்சனா அதை இடப்பக்கம் மேலே நகர்த்தி மாட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு என்னையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தவறு செய்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

18 ஜூன் 2024, செவ்வாய், ஆனி 4. மேகம் எட்டில் இரண்டு.

என் ஸ்கூட்டரின் மீட்டரில், காலையில் பார்த்ததைவிட 2.8 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தார் என்னை அழைத்துச் செல்லக் கார் அனுப்புவதால், செவ்வாய்க்கிழமைகளில் நான் வண்டியைத் தொடுவதே இல்லை.

9 ஜூலை 2024, செவ்வாய், ஆனி 25. மேகம் எட்டில் மூன்று.

ஆறாம் அமர்வு. இயந்திரம் வரைந்த படங்களை ரெஜினா முதன்முறையாகக் காட்டினாள். ஒவ்வொரு தாளிலும் இடப்புறம் எனக்குக் காட்டிய படம். வலப்புறம் என் மூளையைக் கொண்டு கணினி வரைந்தது. பசு பசுவாகவே இருந்தது. கொம்புதான் ஒன்று குறைவு. பேருந்து, நனைந்த பேருந்தைப் போல் இருந்தது. ஒரு தட்டில் நான்கு இட்லிகள் இருந்த படத்துக்கு, சுருண்டு படுத்த நான்கு வெள்ளைப் பூனைகளை வரைந்திருந்தது.

"அது வெளிநாட்டுப் படங்களாப் பாத்துப் படிச்சது சார். இட்லின்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. வெள்ளையா, உருண்டையா, மெதுவா இருக்குன்னு மட்டும் உங்க மூளை சொல்லியிருக்கு. மிச்சத்த அதுவே நினைச்சுக்கிடுச்சு."

இதை நான் சொன்னபோது சுலோச்சனா அடுப்படியில் நின்றபடியே நெடுநேரம் சிரித்தாள்.

"பாவமுங்க. அதுக்கு ஒரு நாள் நாலு இட்லி குடுத்தனுப்பறேன். சாப்பிட்டாத் தெரிஞ்சுக்கும்."

படங்களின் இடப்பக்க மேல்மூலைகள் சற்று மங்கலாக இருந்தன. இயந்திரம் புதியது; பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

16 ஜூலை 2024, செவ்வாய், ஆனி 32. மேகம் எட்டில் ஒன்று.

மேகம் எட்டில் ஒன்றே இருந்தும், 9.10 மணிக்குப் பதினொரு மில்லிமீட்டர் மழை பெய்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் இத்தகைய நிகழ்வைப் பதிவுசெய்ததில்லை.

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய், ஆடி 21. மேகம் எட்டில் மூன்று.

மீட்டர் விவகாரம் முற்றிவிட்டது. ஜூன் 18 முதல் இன்றுவரை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மொத்தம் 31.4 கிலோமீட்டர் கூடுதல். வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினேன். "மீட்டர் நல்லாத்தானுங்க இருக்குது. வண்டிதான் ஓடியிருக்குது," என்றான். இவனை இனி நம்புவதற்கில்லை.

சுலோச்சனாவின் முழங்காலில் காயம். வாசற்படியில் இடறிவிட்டதாகச் சொல்கிறாள். வாசற்படியில் கறுப்பு எண்ணெய் மசி ஏது என்று தெரியவில்லை. அவள் சேலைக் கரையில் இருந்தது மசிதான். நான் மேலும் கேட்குமுன் எதிர்வீட்டு ஜோதிமணி வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இருவரும் வாசலில் நின்று எதற்கோ சிரித்தார்கள்.

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய், ஆவணி 4. மேகம் எட்டில் இரண்டு.

மாலையில் சுலோச்சனாவைப் பின்னால் அமர்த்திக் காய்கறி வாங்கச் சென்றேன். நாற்சந்தி ஒன்றைக் கடக்கும்போது இடப்புறமிருந்து வந்த பேருந்து பெரும் ஒலி எழுப்பி நின்றது. நமக்குச் சிவப்பு விளக்காம். விளக்கை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

சுலோச்சனா என் தோளைப் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்திருக்கின்றன. திரும்பும் வழி முழுவதும் ஒவ்வொரு சந்திப்பிலும், "சிவப்புங்க," "இப்பப் பச்சைங்க" என்று நிறங்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். இந்தப் பழக்கம் அவளுக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை. நான் தடுக்கவில்லை.

என் ஓட்டுநர் உரிமம் நவம்பர் 22 அன்று முடிவடைகிறது. புதுப்பிக்க மருத்துவர் சான்று வேண்டும். மூன்று மாதம் இருக்கிறது.

3 செப்டம்பர் 2024, செவ்வாய், ஆவணி 18. மேகம் எட்டில் மூன்று.

பதினான்காம் அமர்வு. ரெஜினாவின் முகம் சரியில்லை. காரணம் கேட்டபோது தாள்களை மேசைமேல் பரப்பினாள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். பசுவுக்குக் கொம்பு வந்துவிட்டது. இட்லியும் இட்லியாகிவிட்டது, அவளே நம்மூர்ப் படங்கள் நானூறு சேர்த்தாளாம். ஆனால் எல்லாவற்றிலும் இடப்பக்க மேல்மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன இருந்தாலும் இயந்திரம் அதை வரையவில்லை.

"கைடு சத்தம் போட்டாரு சார். ஒண்ணு நான் எழுதின புரோகிராம் தப்பு, இல்லாட்டி உங்க தலைய நான் சரியா வைக்கல, இதுதான் அவரு சொல்லுகது. முப்பதாம் தேதி ரிவ்யூ. அதுக்குள்ள காரணம் சொல்லலைன்னா, இந்தப் பதினாலு வாரமும் குப்பைக்குப் போகும். வேற ஆள வெச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஸ்காலர்ஷிப் டிசம்பரோட முடியுது. எங்கேருந்து ஆரம்பிக்க?"

அவளுக்குத் தைரியம் சொல்லும் நோக்கத்தோடு ஒரு தாளை எடுத்தேன். காட்டப்பட்ட படத்தில் ஒரு மாடிவீடும், இடப்பக்கம் மேலே மின்கம்பியில் ஒரு காகமும் இருந்தன. இயந்திரம் வரைந்ததில் வீடு மட்டும்.

"இதில் இயந்திரத்தின் குற்றம் ஏதுமில்லையம்மா. இந்தப் படத்தை ஆகஸ்ட் 13 அன்று பார்த்தேன். அன்று இதில் காகம் கிடையாது. நீதான் பிறகு மாற்றியிருக்கிறாய்."

"காக்கா முதல்லேருந்தே அங்கதான் சார் இருக்கு."

"இல்லை. என் குறிப்பேட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவருகிறேன்."

10 செப்டம்பர் 2024, செவ்வாய், ஆவணி 25. மேகம் எட்டில் இரண்டு.

குறிப்பேட்டைக் கொண்டுசென்றிருக்கக்கூடாது.

ரெஜினா என் பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். ஆகஸ்ட் 13: 'மாடிவீடு, வலப்பக்கம் வேப்பமரம், இடப்பக்க வானம் வெறுமை, மேகம் இல்லை.' அதைத் தாளோடு ஒப்பிட்டாள். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை. முதலில் விரைவாகப் புரட்டிக்கொண்டிருந்தவள், போகப் போக மெதுவாகப் புரட்டினாள். அறுபத்து நான்கு படங்களில் அறுபத்தொன்றில் என் குறிப்பும் இயந்திரத்தின் படமும் ஒத்துப்போயின. மாறுபட்டவை அவள் காட்டிய மூலப்படங்களே. அங்கே காகம் இருந்தது, பட்டம் இருந்தது, ஒரு ஜன்னலில் எட்டிப்பார்க்கும் முகம் இருந்தது. நானும் எழுதவில்லை, இயந்திரமும் வரையவில்லை.

"சார், அது தப்பா வரையல," என்றாள் மிகவும் தாழ்ந்த குரலில். "நீங்க என்ன பாத்தீங்களோ, அதத்தான் வரைஞ்சிருக்கு."

மேசைமேல் கிடந்த தாள்களை ஓரம் ஒட்டி அடுக்கினேன்.

"பார்வை போன இடத்த மூளை கறுப்பா விடாது சார். பக்கத்துல இருக்குறத வெச்சு நிரப்பிரும். அதனால நமக்கே தெரியாது. கண்ணு டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டுறீங்களா? அவரு ஒரு பேப்பர் தந்தா, உங்க நோட்டும் இருந்தா, முப்பதாம் தேதி நான் பேசிருவேன். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும் போதும் சார். கட்டாயம் ஒண்ணும் இல்ல."

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிவித்து, குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு விவரத்தை மட்டும் முழுமைக்காக எழுதிவைக்கிறேன். 17 மார்ச் 2023 அன்று ஒரு கண் மருத்துவர் எனக்குக் கண்ணில் நீரழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி, வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து விடச் சொன்னார். மருந்து எரிந்தது. நாற்பத்தொரு நாட்கள் விட்டேன். ஏப்ரல் 27 அன்று நிறுத்தினேன். அவ்வாண்டுக் குறிப்பேடு பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை. மருத்துவரின் தாள் ஒன்று வந்துவிட்டால் நவம்பரில் உரிமம் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

17 செப்டம்பர் 2024, செவ்வாய், புரட்டாசி 1. மேகம் எழுதவில்லை.

ஜலதோஷம் என்று ரெஜினாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கார் வரவில்லை. பதினைந்து வாரங்களில் முதல் விடுப்பு.

"ஏனுங்க, செவ்வாக்கிழமையும் அதுவுமா வீட்டுலயே உக்காந்துட்டீங்க?" என்று சுலோச்சனா மூன்று முறை கேட்டாள். நான் வீட்டில் இருப்பது அவளுக்கு ஏதோ இடைஞ்சல்போல் தோன்றியது. ஜோதிமணி ஹெல்மெட்டோடு வாசல்வரை வந்து, என்னைக் கண்டதும் திரும்பிவிட்டாள்.

மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டே சுலோச்சனா சொன்னாள்: "அந்தப் புள்ள போன் பண்ணுச்சுங்க. உங்களுக்குச் சளி எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. அழுதுபோட்டுப் பேசற குரலு எனக்குத் தெரியாதுங்களா?"

ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

"அது சாம்பாருங்க."

19 செப்டம்பர் 2024, வியாழன், புரட்டாசி 3. மேகம் எட்டில் மூன்று என்று எழுதி, அடித்தேன்.

எதையும் ஊகத்தால் முடிவுசெய்யக்கூடாது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கூடத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். எதிர்ச்சுவரில் ஓர் ஆணி. அதிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. சுலோச்சனா சாம்பார்க் கரண்டியை ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஆணியை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். கரண்டி தெரிந்ததும் நான் 'ஆம்' என்பேன். மூலைக்குப் பன்னிரண்டு முறை.

"கரண்டியத் தூக்கிட்டுப் பொண்டாட்டி முன்னால நின்னும் தெரியலீன்னு சொல்ற மொத ஆம்பள நீங்கதான்," என்றாள் தொடக்கத்தில். வலப்பக்கம் கீழே: பன்னிரண்டும் ஆம். வலப்பக்கம் மேலே: பதினொன்று. இடப்பக்கம் கீழே: பன்னிரண்டு.

இடப்பக்கம் மேலே தொடங்கியபின் அவள் பேச்சு குறைந்தது. நான் காத்திருந்தேன். வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது, ஒரு பழுதும் இல்லாமல்.

"ஆரம்பிக்கலாமே," என்றேன்.

"ஆரம்பிச்சு நாலு தடவ ஆச்சுங்க."

ஏழாவது முறைக்குப்பின், "போதுமுங்க" என்றாள். பன்னிரண்டு என்று தொடங்கினால் பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டும் முடித்தோம். இடப்பக்கம் மேலே: ஒன்றுமில்லை. கரண்டி ஆணியைத் தொடும்போதுதான் அது கரண்டி என்பதே எனக்குத் தெரிந்தது.

அவள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள்.

"காலண்டர நான் நகத்தவே இல்லீங்க. பத்து வருசமா அது அங்கயேதான் தொங்குது."

மழை வந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். ஜூன் 4 முதல் இக்குறிப்பேட்டில் உள்ள மேக அளவுகள் அனைத்தையும், 'இதற்குக் குறையாது. இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்' என்று கொள்ளவும். வெறும் வானம் என்று நான் எழுதிய இடங்களில் சில, நான் பார்த்தவை அல்ல. என் மூளை நிரப்பியவை. பிறர் சொன்னதை எழுதாதே என்ற விதியை நானே மீறியிருக்கிறேன், அறியாமல்.

20 செப்டம்பர் 2024, வெள்ளி, புரட்டாசி 4.

ஆட்டோவில் கண் மருத்துவமனை. கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். கரண்டிச் சோதனையின் முடிவே அங்கும் வந்தது. நம் முறையில் பிழையில்லை. இரு கண்களிலும் மேற்பகுதி குறைந்திருக்கிறதாம். இரண்டின் குறையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் இடப்பக்க மேல்மூலை. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம். இன்னும் ஈராண்டு மருந்தில்லாமல் இருந்திருந்தால் நடுப்பார்வையும் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

சொட்டு மருந்து இப்போதும் எரிகிறது. இரவு ஒன்பது மணி, கண்ணுக்கு ஒரு சொட்டு. சுலோச்சனாவே விடுகிறாள். என் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்பவும் அசையாம இருங்க பாக்கலாம்," என்கிறாள்.

23 செப்டம்பர் 2024, திங்கள், புரட்டாசி 7. மேகம் எட்டில் நான்கு. தலையைத் திருப்பிப் பார்த்து எழுதியது.

ஸ்கூட்டர் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டிய வண்டி. விற்றுவிடலாம் என்றேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

சுலோச்சனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாவியை எடுத்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நீல ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தெருக்கோடிவரை ஓட்டிப்போய், திரும்பி வந்து, வாசலில் நேராக நிறுத்தினாள்.

செவ்வாய்தோறும் என் கார் தெருமுனை திரும்பியதும் ஜோதிமணி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். உரிமம் வாங்கிய நாள்: ஆகஸ்ட் 5. சான்றாக அட்டையைக் காட்டினாள். தேதி சரியாக இருந்தது.

"மே மாசம், கோயிலுக்குப் போறப்ப, மரக்கிளையில போய் முட்டுனீங்களே. அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனுங்க. நாலு தடவ சொன்னேன். பிறத்தியார் சொல்றத எழுதறதில்லைன்னு நீங்கதான் சொல்லிப்போட்டீங்க. ஓட்டாதீங்கன்னா இன்னும் வேகமா ஓட்டுவீங்க. அதுக்கு நானே படிச்சுக்கறது சுலபமுன்னு தோணுச்சு."

மீட்டரில் எந்தப் பழுதும் இல்லை. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

24 செப்டம்பர் 2024, செவ்வாய், புரட்டாசி 8. மேகம் எட்டில் ஐந்து.

பதினாறாம் அமர்வு. மருத்துவரின் தாள், இந்தக் குறிப்பேட்டின் நகல், 2023ஆம் ஆண்டுக் குறிப்பேடு ஆகிய மூன்றையும் ரெஜினாவிடம் கொடுத்தேன். தொடர்பில்லாத பக்கங்களைக் கிளிப் போட்டு மூடியிருந்தேன். ஏப்ரல் 27 பக்கத்துக்குக் கிளிப் போடவில்லை. அதில் உள்ளது: 'மருந்து எரிகிறது. நிறுத்தினேன். எவரிடமும் சொல்லவில்லை.'

அவள் அதைப் படித்தாள். பதினோராவது வினாவுக்கு நான் அளித்த விடையைத் திருத்த விரும்புவதாகச் சொன்னேன். படிவத்தை எடுத்து வந்தாள். 'இல்லை' என்பதை அடித்து, 'ஆம்; மறைத்தேன்' என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.

"உங்க வண்டி?" என்றாள். நான் எப்போதோ அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

"வண்டி நன்றாக ஓடுகிறது," என்றேன்.

30 செப்டம்பர் 2024, திங்கள், புரட்டாசி 14. மேகம் எட்டில் ஐந்து. சுலோச்சனாவின் கணக்கில் ஆறு.

காலை பத்து மணிக்கு ரிவ்யூ. நான் 9.40 முதல் தொலைபேசிக்கு அருகே இருந்தேன். அது தற்செயலானது.

1.15க்கு மணி அடித்தது. "கைடு உங்க நோட்ட ரெண்டு தடவ படிச்சாரு சார். படிச்சிட்டு, 'மெசின் ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்கு, நாமதான் நம்பல' அப்படின்னாரு. எதையும் தூக்கிப் போட வேண்டாம். உங்க மூலை தனி அத்தியாயமாவே வருது. இருபது அமர்வும் முடிச்சிருவோம், என்னா?"

நல்லது என்றேன். பிறகு, அறுபத்து நான்கில் அறுபத்தொன்று ஒத்துப்போனது என்றால் மீதி மூன்று என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அந்த மூணுல நீங்க சரி சார். மெசின்தான் தப்பு."

இதைச் சுலோச்சனாவிடம் இரண்டு முறை தெரிவித்தேன்.

22 அக்டோபர் 2024, செவ்வாய், ஐப்பசி 5. மேகம் எட்டில் ஏழு, சுலோச்சனா பார்த்தது.

இருபதாம் அமர்வு, நிறைவு. கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து சென்றேன். சுலோச்சனா ஒரு தூக்கில் நான்கு இட்லி எடுத்துவந்து, "இது மெசினுக்கு" என்று ரெஜினாவிடம் கொடுத்தாள். ரெஜினா இயந்திரத்தின் சார்பில் அவற்றை உண்டாள்.

கடைசிப் பத்து நிமிடங்களுக்குப் படம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரும்பிய ஒன்றை மனத்தில் நினைக்க வேண்டும். அதையும் வரைய முடிகிறதா என்று பார்ப்பார்களாம். நான் மேகம் ஒன்றை நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து ரெஜினா திரையைத் திருப்பினாள். நீலமாக, உருண்டையாக, பளபளப்பாக ஏதோ ஒன்று. மேகத்தில் அந்த நிறம் கிடையாது என்பதைச் சுட்டிக்காட்டினேன். ரெஜினா சுலோச்சனாவைப் பார்த்தாள். சுலோச்சனா தன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். இயந்திரம் இன்னும் செம்மைப்பட வேண்டும்.

திரும்பும்போது தூறல். சுலோச்சனா இடப்புறம் திரும்புகையில் ஒரு முறை சைகை விளக்குப் போட மறந்தாள், நேரம் 1.42. மற்றபடி குறை சொல்வதற்கில்லை. வழியில் பார்த்தவை: வலப்பக்கம் பழக்கடை, கரும்புச்சாறு வண்டி, குடைக்குள் இரு பெண்கள். இடப்பக்கம் கீழே தேங்கிய நீர், அதில் ஒரு பச்சை விளக்கு.

இடப்பக்க மேல்மூலையில், தெருவிளக்கின்மேல், நனைந்த காகம் ஒன்று அமர்ந்திருந்தது. நான் பார்க்கவில்லை. சுலோச்சனா சொன்னாள்.